உண்ணிச்செடியைத் திரும்பத் துளிர்க்காமல் எடுக்க

தாளவாடி மலையில் காட்டை ஒட்டி எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. இந்தப் பக்கம் வருடா வருடம் ஆள் விட்டு உண்ணிச்செடி (லண்டானா என்கிற முள்புதர்) வெட்டுகிறார்கள். ஒரு மழை பெய்ததும் முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. வெட்டுகிற இடம் தப்பு, அவ்வளவுதான்.

தரைக்கு மேலே எங்கே வெட்டினாலும் இது துளிர்க்கும். தீ வைத்தாலும் துளிர்க்கும். தண்டும் வேரும் சேருகிற கழுத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்தக் கழுத்துக்குக் கீழே ஆணிவேரை வெட்டினால் மண்ணில் மிஞ்சும் வேர் மட்கிப்போகும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவினரும் வகுத்த முறை இது. உத்தராகண்டில் இருக்கிற கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுப்பதற்குள் தொடங்குங்கள். பட்டா நிலத்தில் மட்டும் செய்யுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். புதருக்குள் பன்றி படுத்திருக்கும், பின்னால் யானை நின்றாலும் தெரியாது. அதனால் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள், முள் கிழித்துவிடும்.

கொடுவாளால் ஓரக் கிளைகளைக் கழித்துத் தூருக்கு வழி செய்யுங்கள். தூரைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கினால், தண்டுகள் எல்லாம் ஒன்றுகூடும் முடிச்சு போன்ற கட்டை தெரியும். அதற்குக் கீழே, தரை மட்டத்திலிருந்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், ஒடுங்கிய வாயுள்ள களைக்கொத்தைச் சாய்வாகப் பிடித்து வெட்டுப் போடுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு போட்டில் ஆணிவேர் அறுந்துவிடும். வெளியே வந்த தூரில் கழுத்து முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி உடைந்து மண்ணில் தங்கியிருந்தால் இன்னொரு போடு போட்டு அதையும் எடுத்துவிடுங்கள்.

எடுத்த புதரை வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் காய விடுங்கள். ஈர மண்ணில் தண்டு பட்டால் அங்கேயே வேர் பிடித்துவிடும். காய்ந்த குச்சி அடுப்புக்கு ஆகும். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் குச்சியில் ஆளுயரத்துக்கும் மேலான யானைச் சிற்பங்களே செய்கிறார்கள். இலையை மட்டும் ஆடு மாடு தின்ன விடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.

நிலம் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டவும் வேண்டாம். சின்னக் குருவிகள் அந்தப் புதரில்தான் கூடு கட்டியிருக்கும். ஒரு பக்கத்தை முடித்து, அங்கே புல் வந்த பிறகு அடுத்த பக்கம் போகலாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டு மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும். அதனால் நாற்றுகள் முதலில் மரத்தடியிலும் ஓடைக்கரையிலும்தான் தலை காட்டும். இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு அங்கே போய் விரல் நீளத்திலேயே பிடுங்குங்கள்.

வெற்று மண்ணாக விட்டால் பார்த்தீனியம் வந்து குடியேறும். பக்கத்தில் தானாக வளர்கிற புல்லின் விதையை உருவி வந்து, அடுத்த மழைக்கு முன் தூவுங்கள். உண்ணிப் புதரடியில் புல் தலையெடுக்காது. மானும் காட்டெருமையும் யானையும் மேய்ச்சல் இல்லாமல் நம் ராகிக்கும் மக்காச்சோளத்துக்கும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தூவிய இடத்தில் புல் ஒருமுறை விதை கட்டி உதிர்க்கும்வரை நம் மாடுகளை அந்தப் பக்கம் ஓட்டாமல் இருந்தால் போதும்.