தெருவின் ஓசையை பேண்டுக்கு எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சென்னையில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலமும் குடியரசு தின அணிவகுப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்த ஊருக்கும் பேண்டுக்கும் உள்ள பழக்கம் அதைவிடப் பழையது. கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பேண்டு மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வரங்கள் என்ற பாட்டுகளை இயற்றினார். எங்கிருந்தோ வந்த மெட்டுக்கு அவர் இங்கே சாகித்யம் கொடுத்தார். இன்று சில இளைஞர்கள் இந்த ஊர்த் தெருவில் கேட்பதை கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் எழுதிப் பார்க்கிறார்கள். எனக்கு இதைவிடச் சந்தோஷமான விஷயம் வேறில்லை. பெரம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன பேண்டுக்கு எழுதிக்கொடுத்து ஒத்திகையும் நடத்துகிறேன். அங்கே திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

பெரும்பாலான தவறுகள் பேனாவை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. ரயிலை எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் சைடு டிரம்மில் 'சிக்கு புக்கு' போடுகிறார்கள். அது நீராவி எஞ்சினின் ஓசை. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. எழுதுகிற பையன் நீராவி ரயிலைப் பார்த்ததே கிடையாது, வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறான். தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஏராளம். அந்த வளமே இங்கே காதை ஏமாற்றிவிடுகிறது. ஒரு ஸ்டேஷனில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். ரயில் கிளம்பும்போது ஒரு முனகல் படிப்படியாக மேலே ஏறும். பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும். தண்டவாளங்களை இப்போது நீளமாகப் பற்றவைத்துவிடுவதால், 'தடக் தடக்' பெரும்பாலும் பாதை பிரியும் இடங்களில்தான் கேட்கும். இவை மூன்றுமே பேண்டுக்கு அருமையான சரக்கு.

குக்கரும் அப்படித்தான். 'விசில்' என்று பெயர் வைத்துவிட்டோம், அதனால் பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலில் ஒரு உச்ச ஸ்வரத்தை எழுதிவிடுகிறார்கள். கேட்டால் மைதானத்து நடுவர் ஊதுவது போல இருக்கிறது. குக்கரில் வருவது ஆவியின் சீறல், அதற்குப் பாடக்கூடிய ஸ்வரமே இல்லை. டிராம்போன்காரர்களை உதடு அதிராமல் கருவிக்குள் வெறும் காற்றை ஊதச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட அதே சீறல் கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் விசில் வர நேரமாகும், அடுத்தவை சீக்கிரம் சீக்கிரமாக வரும். கூடத்தில் யாரோ ஒருவர் "ரெண்டாச்சு" என்று எண்ணிக்கொண்டிருப்பார். அந்தக் காத்திருப்புக்கும் ஓய்வு பார்கள் (யாரும் வாசிக்காத தாளக் கட்டங்கள்) எழுத வேண்டும். சீறலை மட்டும் எழுதினால் குக்கர் இருக்கும், வீடு இருக்காது.

போனில் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான போன்கள் பெரிய சத்தத்தை அமுக்கி, சின்ன சத்தத்தைத் தூக்கிவிடும்; இரைச்சல் என்று தோன்றுவதை வெட்டியும் விடும். தூரத்தில் இருந்ததும் பக்கத்தில் இருந்ததும் ஒரே தட்டில் வந்து நிற்கும். பதிவை நினைவூட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எது முன்னால், எது பின்னால், எது எவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் கூவுவதைப் பதிவு செய்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது தாளம். மெரினாவில் 'தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்' என்ற கூவலைப் பலரும் நாலு நாலாக வெட்டி அடைத்துவிடுகிறார்கள். மணலில் நடந்துகொண்டே கூவுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், யாராவது நிமிர்ந்து பார்த்தால் எப்படி நிறுத்துகிறார் என்பதில்தான் அந்தக் கூவலின் நடை இருக்கிறது. இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1906-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நாட்டுப்புறப் பாடகர்களை மெழுகு உருளையில் பதிவு செய்தார். அந்தப் பாட்டுகளை வைத்து 1937-இல் 'லிங்கன்ஷயர் போஸி'யை விண்ட் பேண்டுக்கு, அதாவது ஊதுகருவிகளின் பேண்டுக்கு, எழுதியபோது, பாடகர் இழுத்த இடத்தை அவர் நிமிர்த்தவில்லை. பாருக்குப் பார் எண்ணிக்கையை மாற்றினார், சில இடங்களில் தாளக்கட்டையே விட்டுவிட்டார். வாசிப்பவர்களுக்கு அது கஷ்டம்தான், ஆனால் அந்த மனிதர்களின் குரல் இன்னும் அதில் இருக்கிறது.

ஸ்வரத்திலும் இதே அவசரம் உண்டு. ஸ்வரத்தை அசைத்து வழுக்கும் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காது, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் தாளைப் பார்த்ததும் பியானோக் கட்டைக்குள் புகுந்துகொள்கிறது. குயில் கூவலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூவலும் வழுக்கி மேலே போகும், அடுத்தது இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் உரக்க, அப்புறம் திடீரென்று நின்றுவிடும். எழுதுகிறவர்களோ கடைசியில் அழகாக ஷட்ஜத்தில் ('ஸ') கொண்டுவந்து இறக்கிவைக்கிறார்கள். குயில் இறங்கவே இறங்காது. இந்த வழுக்கலுக்கு கிளாரினெட்டின் மேல் பகுதி நன்றாக ஈடுகொடுக்கும். டிராம்போனிலும் வழுக்கலாம், ஆனால் ஒரே இழுப்பில் ஆறு அரைஸ்வரத்துக்கு மேல் போக முடியாது.

தண்ணீர் லாரிக் குழாயில் குடம் நிறையும் ஓசை எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றுத் தூண் குறுகும், ஸ்ருதி ஏறும். புல்லாங்குழல் துளையைத் திறக்கும்போது நடப்பதும் இதேதான். அதாவது குடமே ஒரு காற்று வாத்தியம். இதை ஒரு மாணவி சரிசமமான ஆரோகணமாக எழுதிக்கொண்டு வந்தாள். குடம் அப்படி ஏறாது. முதலில் மெதுவாக ஏறும், கழுத்துப் பக்கம் வந்ததும் சட்டென்று பாயும். அந்தப் பாய்ச்சலைக் கேட்டுத்தான் நம் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்காமலேயே குழாயை மூடுகிறார்கள். அதைச் சொன்னதும் அவளே திருத்திவிட்டாள்: கீழே கனத்த குரல் பித்தளைக் கருவிகளான டியூபாவும் யூஃபோனியமும் நீண்ட ஸ்வரங்களில் ஏற, கடைசி இரண்டு பாரில் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் ஓடிப் பிடித்தன.

இப்போது கட்டை விஷயம், அதாவது பாட்டின் ஸ்ருதி எந்த உயரத்தில் என்பது. இதில் நானே அடி வாங்கினேன். ரயில் ஹார்ன் என் காதில் மூணு கட்டையில் விழுந்தது, அதாவது 'ஈ' (E) ஸ்வரம். உண்மையாக இருக்க வேண்டும் என்று பாட்டையே ஈ மேஜரில் எழுதினேன். பேண்டில் எல்லாக் கருவிக்கும் ஒரே 'சி' கிடையாது. சி எழுதினால் கிளாரினெட்டிலும் டிரம்பெட்டிலும் ஆறரைக் கட்டை கேட்கும், ஆல்டோ சாக்ஸில் இரண்டரை, பிரெஞ்சு ஹார்னில் நாலு. அதனால் என் மூணு கட்டைப் பாட்டு கிளாரினெட் தாளில் ஆறு ஷார்ப்பாகவும் (ஸ்வரத்தை அரைக் கட்டை ஏற்றும் குறி), சாக்ஸ் தாளில் ஏழு ஷார்ப்பாகவும் போய் விழுந்தது. பிள்ளைகள் விரலைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ரயில் நகரவே இல்லை. அரைக் கட்டை இறக்கி இரண்டரைக்குக் கொண்டுவந்தேன். கிளாரினெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட் (இறக்கும் குறி), சாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை. கேட்டவர் யாருக்கும் ரயில் ஹார்ன் மாறியதாகத் தோன்றவில்லை. தெருவின் ஸ்ருதியை அரைக் கட்டை நகர்த்துவதில் தப்பே இல்லை, அதன் நடையைத்தான் கெடுக்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் எழுதி, கம்ப்யூட்டரிலேயே வாசிக்கவைத்துக் கேட்டுத் திருப்திப்படுகிறவர்கள் மூச்சை மறந்துவிடுகிறார்கள். மென்பொருள் மூச்சு வாங்காது. லாரி எஞ்சின் உறுமல் என்று டியூபாவுக்குப் பன்னிரண்டு பார் நிற்காமல் எழுதினால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும்; பேண்டிலேயே அதிகக் காற்றைக் குடிக்கிற கருவிகளில் ஒன்று அது. நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கி ஸ்ருதியை அறாமல் வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை. ஆகவே இரண்டு பேருக்குக் கொடுத்து, மாற்றி மாற்றி மூச்சு வாங்கச் சொல்லித் தாளிலேயே குறித்துவிடுங்கள். டிரம்பெட்டுக்கு உதடு ஓய அடிக்கடி ஓய்வு வேண்டும். கொத்து பரோட்டாவின் வேகமான தட்டலை டிரம்முக்கு மட்டும் தராமல் ஊதுகிறவர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள், ஆனால் இரட்டை நாக்குக்கு (நாக்கை இரு விதமாக மாற்றி மாற்றி வேகமாகத் தட்டி ஊதுவது) புல்லாங்குழலும் டிரம்பெட்டும்தான் சுலபமாக வளையும், கிளாரினெட் திணறும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். அதனால் மே மாதத் திறந்தவெளி நிகழ்ச்சியில் ஊதுகிற கருவிகள் எல்லாம் ஸ்ருதி ஏறும், குளோக்கன்ஷ்பீல் என்ற தட்டு வாத்தியத்தின் உலோகப் பட்டைகளோ சற்று இறங்கும். கோயில் மணி என்று புல்லாங்குழலையும் அதையும் ஒரே ஸ்வரத்தில் சேர்த்து எழுதியிருந்தால் காது கூசும். ஒன்றை மாற்றி ஒன்று வரும்படி எழுதினால் தப்பிக்கலாம்.

பட்டியல் போடுவதும் எனக்கு வருத்தம் தருகிற ஒரு தவறு. விடியலில் குயில், அப்புறம் பால் வண்டி, பஸ், மத்தியானம் குக்கர், சாயங்காலம் சுண்டல், ராத்திரி கூர்க்கா விசில். ஐந்து நிமிடத்தில் ஊரையே சுற்றிக் காட்டுகிறார்கள், எதிலும் உட்காருவதில்லை. பஸ் கண்டக்டரின் விசிலே போதும்: ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். இந்த ஒன்றையும் இரண்டையும் வைத்தே ஒரு முழுப் பாட்டை நிறுத்தி, கிளப்பி, நெரிசலில் தள்ளாடவைக்க முடியும். பழைய ஓசைகளை மட்டுமே தேடுவதும் இதனோடு சேர்ந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் இன்று ஸ்பீக்கரில் பதிவைச் சுழலவிடுகிறார். முடிகிற இடத்தில் சொல் பாதியில் அறுந்து மறுபடி தொடங்கும். அந்த அறுப்பும் இந்த ஊரின் இசைதான்.

கடைசியாக, ஒத்திகைக்கு முன்பே தாளை மூடிவிடாதீர்கள். பென்சிலோடு போங்கள், வாசிக்கிறவர்களிடம் கேளுங்கள். என் ரயில் பாட்டு ஹார்னோடுதான் தொடங்கியது. வியாசர்பாடியில் பாதைக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள டிராம்போன் பையன் கையைத் தூக்கினான்.

"சார், ஹார்னு அப்புறம்தான் சார் வரும். முதல்ல தண்டவாளம் சவுண்டு விடும்."

ஹார்னை எட்டு பார் பின்னால் தள்ளினேன். அந்த எட்டு பாருக்கும் ஒரு கிளாரினெட் மட்டும், கேட்கிறதா இல்லையா என்ற அளவில், ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.