ரோலான் கரோஸ் டென்னிஸ் வீரர் இல்லை: விருந்தினர் உரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில், நம் சங்கங்களிலும் கோயில் மண்டபங்களிலும் ஒரு மாதம் கடலாமை, அடுத்த மாதம் போர்க்கால விமானம் என்று வெளியாட்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் பேச்சாளரால் இல்லை, நம்மால்தான். அவர் மைக்கைத் தொடுவதற்கு முன்பே சுவரொட்டியிலும் அறிமுகத்திலும் நாம் தப்புத் தப்பாகச் சொல்லி முடித்திருப்போம். பாவம் அவர், சிரித்த முகமாக முதல் கால் மணி நேரத்தை அதைத் திருத்துவதிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.

முதல் உலகப் போர் விமானி கரோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் தலைநகர் சான்-தெனியில் பிறந்தவர், விமான நிலையத்துக்கே அவர் பெயர், அங்கே கடலோரப் பராஷுவாவில் சிலை வேறு. அப்படியிருந்தும் "புகழ்பெற்ற டென்னிஸ் வீரர்" என்று அறிமுகம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாரிஸ் டென்னிஸ் மைதானத்துக்கு 1928-இல் அவர் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பத்து வருடம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் செய்கிற தப்பு வேறு: "உலகின் முதல் ஏஸ்" என்பார்கள். ஐந்து விமானங்களையாவது வீழ்த்தியவருக்குத்தான் அந்தப் பட்டம், கரோஸ் கணக்கு அந்த ஐந்தை எட்டவில்லை. பட்டம் இல்லாமலே சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. 1913 செப்டம்பர் 23 அன்று ஃப்ரெஜூஸிலிருந்து பிசெர்த் வரை, எங்கும் இறங்காமல் மத்தியதரைக் கடலை முதன்முதலாகத் தாண்டியவர் அவர். 1915 ஏப்ரலில் அவர் விமானத்தின் ப்ரொப்பெல்லர் இறக்கைகளில் எஃகு ஆப்புகள் பொருத்தியிருந்தது; முன்னால் இருக்கும் துப்பாக்கியிலிருந்து வரும் குண்டுகளில் பெரும்பாலானவை இறக்கைகளுக்கு நடுவே போய்விடும், இறக்கையில் படுவதை ஆப்பு தட்டிவிடும். முரட்டு வேலைதான், ஆனால் வேலை செய்தது. அந்த மாதம் 18-ஆம் தேதி ஜெர்மன் பக்கம் இறங்க நேர்ந்து பிடிபட்டார், விமானமும் அவர்கள் கைக்குப் போனது. இறக்கை குறுக்கே வரும்போது துப்பாக்கி சுடாதபடி இணைக்கும் பொறியை ஜெர்மன்காரர்களுக்காக விமானம் கட்டிய ஃபோக்கர் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். அதனால் "ப்ரொப்பெல்லர் வழியாகச் சுடும் முறையைக் கண்டுபிடித்தவர்" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். 1918 பிப்ரவரியில் சிறையிலிருந்து தப்பி வந்து, மறுபடி பறந்து, அக்டோபர் 5 அன்று, முப்பதாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், சுட்டு வீழ்த்தப்பட்டார்.

சுவரொட்டியில் ஸ்பிட்ஃபயர் படத்தைப் போடாதீர்கள். அது இரண்டாம் உலகப் போர் விமானம். எந்தப் போர் என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆமைக் கூட்டத்திலும் படம்தான் முதல் தொல்லை. கூகுளில் தேடி அல்தாப்ரா ராட்சத ஆமையைப் போட்டுவிடுவார்கள். அது தரையில் நடக்கிற ஆமை, கடலாமைக்கு இருப்பது துடுப்பு. இல்லாவிட்டால் சென்னை பெசன்ட் நகரில் முட்டையிடும் பங்குனி ஆமைப் படம் வரும். படம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இந்தத் தீவின் கரைக்கு முட்டையிட வருவது பச்சை ஆமை, அதுவும் அபூர்வமாக.

அதைவிடப் பெரிய தப்பு, பெரியவர்களின் வாயை அடைப்பது. கேள்வி நேரத்தில் ஒரு தாத்தா எழுந்து, "சான்-லேயில் முன்னாடி ஆமைப் பண்ணைதானே இருந்தது, கறி வாங்கிச் சமைத்திருக்கிறோமே" என்பார். அமைப்பாளர் பதறிப்போய், "ஐயா, உட்காருங்க" என்று கையைக் காட்டுவார். ஏன்? அவர் சொல்வது உண்மை. சான்-லேயில் இன்றிருக்கும் கடலாமை மையமான கெலோனியா அந்தப் பண்ணையிலிருந்து வந்ததுதான். துரோம்லான், யூரோப்பா தீவுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து கறிக்கும் ஓட்டுக்கும் வளர்த்த இடம், இன்று தூண்டில் முள்ளை விழுங்கிய ஆமைகளுக்கு வைத்தியம் பார்க்கிறது. தாத்தாவைப் பேச விடுங்கள், அதற்குப் பேச்சாளர் பதில் சொல்லட்டும். என்னைக் கேட்டால், அன்றைய கூட்டத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் உருப்படியான பகுதி.

ஆமை வகைகளின் அட்டவணையோடு ஆரம்பிக்க வேண்டாம் என்று பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கெலோனியாவில் குணமாகி, முதுகில் செயற்கைக்கோள் கருவியோடு கடலுக்குத் திரும்பிய பெருந்தலை ஆமைகள் வடக்கே ஓமான் பக்கம் நீந்திப் போன வரைபடம் இருக்கிறது, அதை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகளைக் குஷிப்படுத்த ராத்திரியில் டார்ச்சோடு கடற்கரைக்குக் கூட்டிப் போகும் யோசனை யாருக்காவது வரும். வேண்டாம். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகளோ கடலை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊரும். குஞ்சைக் கையில் எடுத்துக் கடலில் விடுவதும் உதவி இல்லை. கடலாமைகள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன, தொடவே கூடாது.

பொன்னாடை விஷயம் உங்களுக்கே தெரியும். குத்துவிளக்கு, தலைவர் உரை, செயலாளர் உரை, பொருளாளருக்கும் இரண்டு வார்த்தை என்று போனால், பேச்சாளர் எழும்போது பின்வரிசை சமோசாப் பக்கம் நகர்ந்திருக்கும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பதும் வேண்டாம், ஒரு மணி நேரம் இரண்டாகிவிடும். பிரெஞ்சிலோ உள்ளூர் மொழியான கிரியோலிலோ அவர் பேசி முடித்ததும் தமிழில் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

அப்புறம் பயணம். மேற்குக் கரை சான்-லேயிலிருந்து கிழக்கே சான்-ஆந்த்ரேவுக்கு வார நாள் சாயங்காலத்தில் வரச் சொன்னால் அவர் சான்-தெனி நெரிசலில்தான் நிற்பார். சனிக்கிழமை மதியம் வையுங்கள், பெட்ரோல் பணத்தை அவர் கேட்பதற்கு முன்பே கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.