எழுத்து ஓடாமல் நிற்க நாமே செய்யும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கதை எழுதுகிற பலர் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், விசைத்தறியில் ராத்திரி ஓட்டம், பள்ளிக்கூடத்தில் கட்டுக்கட்டாக விடைத்தாள். "எழுதவே வரமாட்டீங்குதுங்க" என்று அவர்கள் சொன்னால், கற்பனை வற்றிவிட்டது என்று நான் நம்புவதில்லை. எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் கை நிற்பது அங்கேதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கதையில் ஆத்தா பேசுகிறாள்: "ஏஞ்சாமி, பொழுது எறங்கறதுக்குள்ள ஆட்டப் பட்டில அடச்சுப்போடோணும்." காதில் கேட்டது அப்படித்தான். தாளில் வைக்கும்போது, மதுரைக்காரருக்குப் புரியுமா, பத்திரிகையில் போடுவார்களா என்று யோசனை ஓடுகிறது. உடனே "மாலைக்குள் ஆடுகளை அடைத்துவிட வேண்டும்" என்று மாற்றுகிறோம். அதோடு ஆத்தா வாயை மூடிக்கொள்கிறாள். அடுத்த பேச்சு வராமல் அரைமணி நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் படியில் காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுங்கள். ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவல் கொங்குப் பேச்சோடு வந்தது 1942இல். வட்டாரச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் அகராதியே தொகுத்திருக்கிறார். இதற்குப் பிறகும் நாம் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பேச்சு வழக்கு எங்கே அதிகம், எங்கே குறைக்கலாம் என்பதை இரண்டாம் படியில் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து, சத்தமாகப் படித்துப் பார்த்தால் அது தானாகத் தெரியும்.

அடுத்த தவறு, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பது. நம் பக்கத்து ஞாயிறு யாருக்குச் சும்மா கிடைக்கிறது? முகூர்த்தம், கெடா விருந்து, ஒறம்பரை என்று வந்து நிற்கும் சொந்தபந்தம், தோட்டத்தில் தண்ணி முறை. முழுநாள் கிடைத்தால் நாவலையே முடித்துவிடலாம் என்ற எண்ணம் வாரநாளின் இருபது நிமிடத்தையும் சேர்த்து வீணாக்குகிறது. கம்பெனி வண்டி வருவதற்குள் ஒரு பத்தி எழுதினாலும் கதைக்குள்ளேயே இருப்போம். வாரம் முழுக்க விட்டுவிட்டால், ஞாயிறன்று பழைய பக்கங்களைப் படித்து உள்ளே நுழையவே பாதிநாள் போய்விடும்.

தகவல் தேடுகிறேன் என்று எழுத்தைத் தள்ளிப்போடுவதும் உண்டு. நொய்யல் ஆற்றைப் பற்றி ஒருவர் நாவல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீர் என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். அவ்வளவும் தேவையான விவரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை போன மறுநாள் காலையில் பட்டறைக்காரர் பொண்டாட்டியிடம் என்ன சொன்னார் என்பது எந்த உத்தரவிலும் இருக்காது. அதை நீங்கள்தான் எழுதியாக வேண்டும். தெரியாத இடத்தில் "வருசம் பாக்கோணும்" என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

டீக்கடையில் முழுக்கதையையும் நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கேட்டவர்கள் "அருமைங்க" என்றதும் பலருக்கு எழுதும் வேகம் அடங்கிவிடுகிறது.

ராத்திரி ஷிப்ட் முடித்துவந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து, வரி வரவில்லையே என்று நொந்துகொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது தூக்கம். முதலில் தூங்கி எழுங்கள்.

கடைசியாக ஒன்று. மனதில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு நிறுத்தினால் மறுநாள் எங்கே தொடங்குவது என்று தெரியாது. அடுத்தது என்ன என்று தெரியும்போதே நிறுத்திவிட்டு, அடியில் ஒரு குறிப்புப் போட்டு வையுங்கள். "மாமன் வாசல்ல வந்து நிக்கறான். கையில மஞ்ச மண்டிச் சீட்டு. அத்தைகிட்டச் சொல்லலை." இந்த அளவு போதும், மறுநாள் அத்தையின் முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.