சிக்னலில் நின்றால் அணைந்துபோகும் பெட்ரோல் கார்: கோளாறு காற்றிலா, கலவையிலா?

ஓடும்போது வண்டியில் குறை தெரியாது. கிளட்சை மிதித்து நிறுத்தியதும் ஆர்.பி.எம் 500-க்கு இறங்கி இன்ஜின் அணைகிறது. இல்லையென்றால் 800-க்கும் 1,500-க்கும் இடையே ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது. கேபிள் ஆக்சிலேட்டர் உள்ள எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும்) கார்களில் இது வழக்கமான புகார். உடனே, ஐடிலை (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை) கவனிக்கும் ஐடில் வால்வை மாற்றச் சொல்வார்கள். ஆனால் வால்வு பெரும்பாலும் அழுக்காகத்தான் இருக்கும், பழுதாக இருக்காது.

ஆக்சிலேட்டரை விட்டதும், இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டில் தட்டு மூடிக்கொள்ளும். இன்ஜின் உயிரோடு இருக்கத் தேவையான காற்றை, தட்டைச் சுற்றிப் போகும் சின்ன வழியில் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வு விடுகிறது. ஏ.சி. போட்டாலோ ஹெட்லைட் எரிந்தாலோ ஈ.சி.யு. (இன்ஜினை ஆளும் கணினி) அதை இன்னும் கொஞ்சம் திறக்கும். அந்த வழியில் கார்பன் படிந்தால் காற்று போதாமல் இன்ஜின் அணையும். வேறெங்காவது கள்ளத்தனமாகக் காற்று நுழைந்தால் ஐடில் எகிறும்.

திராட்டில் தட்டின் ஸ்டாப் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அது கம்பெனியில் வைத்த அளவு. ஐடிலை ஏற்ற அதைத் திருகினால் திராட்டில் பொசிஷன் சென்சாரின் அளவும் மாறும். 'கால் எடுத்தாயிற்று' என்பதே ஈ.சி.யு.வுக்குத் தெரியாமல் போகும். அதன் பிறகு எந்த அளவை நம்புவது?

முதல் வேலை ஸ்கேனரில் எண்களைப் பார்ப்பது. (சில பழைய வண்டிகளில் ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் இருந்தும் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது, கம்பெனி மென்பொருள் உள்ள ஸ்கேனர் வேண்டும்.) இன்ஜின் சூடாகி கூலன்ட் 85 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஐடிலில் ஒரு முறையும் 2,500 ஆர்.பி.எம்மில் ஒரு முறையும் ஃப்யூவல் ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். கலவையைச் சரிக்கட்ட ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டும் (பிளஸ்) அல்லது குறைக்கும் (மைனஸ்) சதவீதம்தான் அது. குறுகிய கால ட்ரிம்மையும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் ±10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் போடும் பழைய வண்டியில் சில சதவீதம் பிளஸ்ஸில் நிற்பது இயல்பு: எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும்.

ஐடிலில் பிளஸ் 20, 2,500-இல் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் காற்றுக் கசிவு. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் வண்டியில்தான் இது இவ்வளவு தெளிவாகத் தெரியும். இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் (மாருதியின் பழைய இன்ஜின்கள் பெரும்பாலும் இந்த வகை) கசிவுக் காற்றையும் சென்சார் உணர்ந்து, அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். அதனால் ட்ரிம் அதிகம் மாறாது, ஆர்.பி.எம்தான் எகிறும். அங்கே வால்வின் திறப்பு எண்ணைப் பாருங்கள். ஐடில் உயர்ந்திருக்க, எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், ஈ.சி.யு. வால்வை முழுக்க மூடியும் காற்று வேறு வழியில் வருகிறது என்று பொருள். எண் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்து ஐடில் குறைந்தால் வழி அடைத்திருக்கிறது. பி0507 முதல் வகைக்கும் பி0506 இரண்டாவதற்கும் ஸ்கேனரில் வரும் பிழைக் கோடுகள்.

கசிவைத் தேட, பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ் (இன்ஜினின் உள்வாயுவை இன்டேக்குக்கு எடுத்துப்போவது), கேனிஸ்டர் ஹோஸ் (டேங்கின் பெட்ரோல் ஆவியை எடுத்துப்போவது) மூன்றையும் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஆர்.பி.எம் நன்றாக விழுகிறதோ கசிவு அந்தப் பக்கம். பி.சி.வி.யில் சிறிது விழுவது இயல்பு. இன்டேக் கேஸ்கெட்டுக்குத் தண்ணீர் ஸ்ப்ரே போதும்: அடித்ததும் ஆர்.பி.எம் மாறினால் கசிவு அங்கே. கார்ப் கிளீனர் அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீ பிடிக்கும்.

சுத்தம் செய்ய இன்ஜின் ஆறட்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். வால்வை எடுத்து, காற்று வழியிலும் தட்டின் விளிம்பிலும் திராட்டில் பாடி கிளீனர் அடித்துத் துடையுங்கள். மோட்டார் பகுதியில் திரவம் போகக் கூடாது. ஸ்டெப்பர் வகையின் கூம்பு முனையைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது. உள்ளே திருகுப் பல் கெட்டுவிடும். நான்கு பின் வால்வில் இரண்டு காயில்கள்: இரண்டின் ஓமும் சமமாக இருக்க வேண்டும், பாடிக்குத் தொடர்பு இருக்கக் கூடாது. ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அதுவே புதிய கசிவு.

ட்ரிம் மைனஸில் விழுந்து, கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் கலவை செறிந்திருக்கிறது. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள்சவ்வு) கிழிந்துவிட்டது. அடுத்தது கூலன்ட் சென்சார். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் இக்னிஷன் மட்டும் போட்டால், கூலன்ட் வெப்பமும் இன்டேக் காற்று வெப்பமும் சில டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மிகக் குளிராகக் காட்டினால், சூடான இன்ஜினுக்கும் ஈ.சி.யு. பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

பிளஸ் ட்ரிம் எல்லாமே பெட்ரோல் குறைவல்ல. ஒரு பிளக் அடிக்காவிட்டால் எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜன், எக்ஸாஸ்டில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாருக்குப் போய் 'கலவை மெலிந்தது' என்று பொய் சொல்லும்; சென்சாருக்கு முந்திய எக்ஸாஸ்ட் கசிவும் அப்படியே. 2,500-இலும் லோடிலும் பிளஸ் ஏறிக்கொண்டே போனால்தான் ஃபில்டர், பம்ப் பக்கம் போக வேண்டும்.

மாட்டி முடித்ததும் முதல் ஸ்டார்ட்டில் ஐடில் தாறுமாறாக இருக்கும். பழைய அழுக்குக்குப் பழகிய எண்களை ஈ.சி.யு. மறக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஏ.சி. இல்லாமல் விட்டு, பிறகு ஏ.சி. போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.