அக்ரிலிக் ஓரம் உருகி வழிகிறதா? பவரில் கை வைக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

லேசரில் அக்ரிலிக் வெட்டுகிற எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். கண்ணாடி மாதிரி வர வேண்டிய ஓரம் மெழுகுவர்த்தி வழிந்த மாதிரி வந்திருக்கும், அடிப்பக்கம் விரலால் தடவினால் பிசிறு கீறும், வெட்டிய துண்டைத் தட்டினால் விழாது, திரும்ப ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே கை போகிற இடம் பவர்தான். 60 சதவீதம் இருந்ததை 50 ஆக்குவோம், முழுசாக வெட்டாது. சரியென்று வேகத்தைக் குறைப்போம், முன்னைவிட அதிகமாக உருகும். மறுபடி பவரை ஏற்றுவோம். இப்படியே ஒரு ஷீட் ஸ்கிராப் ஆகிவிடும்.

நேம் போர்டு, ஷீல்டு, எல்இடி எழுத்து என்று எட்டு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். ஓரம் உருகியதற்கு உண்மையிலேயே பவர்தான் காரணம் என்று வந்தது எனக்குப் பத்துக்கு இரண்டு தடவை இருக்கலாம். மீதி எல்லாம் வேறு எங்கோ செய்த தப்பு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், நல்ல ஓரமும் உருகிய ஓரம்தான். அக்ரிலிக் சுமார் 105 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். லேசர் படுகிற இடத்தில் சூடு அதற்கு எவ்வளவோ மேலே போய், பிளாஸ்டிக் அப்படியே ஆவியாகிப் பறந்துவிடுகிறது. அந்த ஆவிக்கும் திடமான ஷீட்டுக்கும் நடுவில் மெல்லிய ஒரு படலம் உருகி, அதே நொடியில் உறைகிறது. அந்தப் படலம்தான் நாம் "பாலிஷ் ஓரம்" என்று வாடிக்கையாளரிடம் பெருமையாகக் காட்டுவது. அது மெல்லிசாக இருந்தால் பளபளப்பு, தடித்தால் வழிசல், அவ்வளவுதான். அதனால் செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னால், வெட்டிய துண்டை வெளிச்சத்தில் பிடித்து எங்கே உருகியிருக்கிறது என்று பாருங்கள். சுற்றிலுமா, அடியில் மட்டுமா, மூலையிலா, ஒரே ஒரு பக்கத்திலா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

சுற்றிலும் ஒரே மாதிரி உருகியிருந்தால் ஃபைலைச் சந்தேகப்படுங்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், இதனால் நான் மூன்று நாள் வீணாக்கியிருக்கிறேன். கல்யாண மண்டபத்துக்குப் போர்டு, 5 மி.மீ. அக்ரிலிக், வாடிக்கையாளரே கோரல் டிராவில் ஃபைல் கொடுத்திருந்தார். முந்தின நாள் அருமையாக வெட்டிய அதே மெஷின், அதே செட்டிங், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் வழிந்துபோய் வந்தது. லென்ஸ் துடைத்தேன், லேசரைத் திருப்பி அனுப்புகிற கண்ணாடிகளைச் சரிபார்த்தேன், ஷீட் கடைக்காரரைப் போனில் திட்டக்கூடத் திட்டிவிட்டேன். கடைசியில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், "ம" வெட்டி முடித்த லேசர் தலை திரும்ப அதே "ம" மேல் போகிறது. ஒரே கோடு இரண்டு தடவை, ஒன்றின் மேல் ஒன்று அச்சு மாறாமல் உட்கார்ந்திருந்தது.

திரையில் பார்த்தால் இது தெரியாது. ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து நகர்த்திப் பாருங்கள், அடியில் இன்னொன்று இருந்தால் அங்கேயே நிற்கும். லேசர் மெஷினை ஓட்டுகிற லைட்பர்ன் மென்பொருளில் டூப்ளிகேட் கோடுகளை அழிக்க ஒரு கட்டளையே இருக்கிறது, வெளியிலிருந்து வருகிற எந்த ஃபைலுக்கும் அதை ஒருமுறை ஓட்டிவிடுவது என் வழக்கம்.

இதே தப்பை நாமே வேண்டுமென்று செய்வதும் உண்டு. ஒரே பாஸில், அதாவது ஒரே ஓட்டத்தில், வெட்டாவிட்டால் இரண்டு பாஸ் போடுவது. பிளைவுட்டுக்கு அது பரவாயில்லை, அக்ரிலிக்குக்குக் கூடாது. முதல் பாஸில் உருகி உறைந்த ஓரத்தை இரண்டாவது பாஸ் மறுபடி உருக்குகிறது, பள்ளத்துக்குள் இருக்கிற கூழ் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது, ஓரத்தின் நடுவில் படி மாதிரி ஒரு கோடும் விழும். ஒரே பாஸில், கொஞ்சம் மெதுவாக. என் 80 வாட் மெஷினில் 3 மி.மீ.க்கு விநாடிக்கு 15 முதல் 20 மி.மீ. வேகம், 5 மி.மீ.க்கு 8 முதல் 10, பவர் 60 முதல் 65 சதவீதம். உங்கள் மெஷினுக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது, ஆரம்பிக்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட் மெஷினில் 10 மி.மீ. வெட்டித்தான் ஆவேன் என்று மல்லுக்கட்டுவதைவிட, பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்குவது லாபம்.

ஷீட் எந்த வகை என்று கேட்காமல் வாங்குவது

கடையில் போய் "3 எம்எம் கிளியர் ஒரு ஷீட்" என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். அக்ரிலிக்கில் காஸ்ட், எக்ஸ்ட்ரூடட் என்று இரண்டு உண்டு. காஸ்ட் என்பது அச்சில் ஊற்றி இறுக வைத்தது. எக்ஸ்ட்ரூடட் என்பது உருக்கி, உருளைகள் வழியாக முறுக்குப் பிழிகிற மாதிரி தள்ளி எடுத்தது. இரண்டாவது சீக்கிரம் இளகும், ஜவ்வு மாதிரி இழுபடும், அடியில் பிசிறு விடும். ஆனால் சும்மா திட்டவும் முடியாது, தடிமன் ஷீட் முழுக்க ஒரே சீராக இருக்கும், காஸ்டைவிட வேகமாகவும் வெட்டும். தப்பு எங்கே வருகிறதென்றால், காஸ்டுக்குப் போட்ட செட்டிங்கையே அதற்கும் போட்டுவிட்டு உருகுகிறது என்று தலையைச் சொறிவதில்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு மூலையில் சின்னக் கட்டம் ஒன்றை என்கிரேவ் செய்யுங்கள். பனி படர்ந்த மாதிரி வெள்ளையாக வந்தால் காஸ்ட். வெள்ளையே வராமல் நிறமில்லாத பள்ளமாக வந்தால் எக்ஸ்ட்ரூடட். மேலே ஒட்டியிருப்பது பேப்பரா பிளாஸ்டிக்கா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டிலும் இரண்டும் வருகிறது. காஸ்ட் ஷீட்டாக இருந்தால் வெர்னியர் வைத்துத் தடிமனையும் அளந்து பாருங்கள். 3 மி.மீ. என்று வாங்கியது ஒரு ஓரத்தில் 2.7 காட்டும், இன்னொரு ஓரத்தில் 3.1 காட்டும். மெல்லிய இடத்துக்குச் செட் செய்தால் தடித்த இடம் வெட்டாது, தடித்த இடத்துக்குச் செட் செய்தால் மெல்லிய இடம் வழியும்.

அப்புறம் அந்த மேல்தாள். பிளாஸ்டிக் ஃபிலிமோடு வெட்டினால் அது முதலில் உருகிச் சுருண்டு ஓரத்தில் நூல் நூலாக ஒட்டும், அதைப் பலர் அக்ரிலிக் உருகியதாக நினைத்துக்கொள்கிறார்கள். உரித்துவிட்டுப் பேப்பர் டேப் ஒட்டுங்கள்.

காற்று, கூடினாலும் தப்பு

மரம் வெட்டிப் பழகியவர்கள், வெட்டுகிற இடத்தில் காற்று அடிக்கிற கம்ப்ரஸரை முழுசாகத் திறந்து வைப்பார்கள். அக்ரிலிக்கில் அப்படி அடித்தால் உருகிய படலம் சீராகப் பரவுவதற்குள் குளிர்ந்துவிடும், ஓரம் மங்கலாகக் கோடு கோடாக வரும். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டாக இருந்தால் இன்னும் மோசம், உருகியதை எல்லாம் காற்று கீழே தள்ளி அடி ஓரத்தில் சேர்த்துவிடும். அதற்காகக் காற்றை நிறுத்திவிட்டால்? அக்ரிலிக் ஆவி எரியக்கூடியது. வெட்டுகிற இடத்தில் சின்ன மஞ்சள் தீ நின்று எரிய ஆரம்பிக்கும், லேசர் முன்னால் போய்விட்டாலும் தீ பின்னாலேயே வந்து மேல் ஓரத்தை உருக்கிக்கொண்டே இருக்கும், ஆவி லென்ஸிலும் படியும். ஆக, தீ நிற்காத அளவுக்கு, லென்ஸுக்குப் புகை ஏறாத அளவுக்கு மட்டும் மெல்லிய காற்று. இதைச் சொல்லும்போதே இன்னொன்று, மெஷின் ஓடும்போது டீ குடிக்க வெளியே போகாதீர்கள். எரிகிற அக்ரிலிக் சொட்டுச் சொட்டாக விழுந்து தீயைப் பரப்பும். தீயணைப்பான் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

அடிப்பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாக, சின்ன அறுகோணக் கறையாக உருகியிருந்தால் அது ஹனிகோம்ப் பெட்டின், அதாவது ஷீட்டைத் தாங்குகிற தேன்கூடு மாதிரியான தட்டின், வேலை. ஷீட்டை நேரடியாக அதன்மேல் வைத்தால் கீழே இறங்குகிற லேசரும் சூடான ஆவியும் தகரத்தில் பட்டுத் திரும்பி மேலே அடிக்கும். ஒரு சென்டிமீட்டராவது தூக்கி வையுங்கள், பழைய அக்ரிலிக் துண்டுகளையே முட்டுக் கொடுத்தால் போதும். அதிகம் வெட்டுபவர்கள் கத்தி மாதிரி பட்டைகள் வைத்த பெட்டுக்கு மாறிவிடுவது நல்லது.

மூலையும் சுழியும்

நேர்க்கோடு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, மூலையில் மட்டும் உருண்டை கட்டியிருக்கிறதா? தலை மூலையில் திரும்ப வேகம் குறைக்கும், பவர் அதற்கேற்றாற்போலக் குறையவில்லை என்றால் அந்த இடத்தில் சூடு குவியும். ருய்டா என்ற கம்பெனியின் கன்ட்ரோலர் உள்ள மெஷின்களில் குறைந்தபட்ச பவர், அதிகபட்ச பவர் என்று இரண்டு கட்டம் இருக்கும், பலர் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவைத்திருப்பார்கள். மெதுவாகப் போகும்போது அந்தக் குறைந்தபட்ச எண்தான் பேசும். அதை ஐந்து ஐந்தாக இறக்கிக்கொண்டே ஒரு சதுரம் வெட்டிப் பாருங்கள், மூலை சுத்தமாக வெட்டுகிற கடைசி எண்ணோடு நிறுத்திவிடுங்கள். ரொம்ப இறக்கினால் மூலையில் வெட்டே விழாது.

தமிழ் எழுத்து வெட்டுகிறவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. ஆங்கிலத்தில் "எச்" வெட்டினால் எல்லாம் நேர்க்கோடு. நம் "ண" எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் பக்கத்தில் சுழிகள், சுழிக்குச் சுழி நடுவில் 2 மி.மீ. பாலம்கூட இருக்காது. ஒரு சுழியின் சூடு ஆறுவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும், நடுவில் இருக்கிற பாலம் இரண்டு பக்கமும் சூடு வாங்கிக் குழைந்து வளைந்துவிடும். இதற்கு எந்த செட்டிங்கும் மருந்தில்லை. வெட்டும் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். எல்லா எழுத்துகளிலும் முதல் சுழியை மட்டும் வெட்டி, ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாவது சுழிக்கு வாருங்கள், வெளிக்கோடு கடைசியில். தலை அங்கும் இங்கும் ஓடுவதில் சில நிமிடம் கூடும், போகட்டும். ஃபாண்ட் தேர்ந்தெடுக்கும்போதே பாலத்தின் அகலம் ஷீட்டின் தடிமனுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. ஷீட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டுகளை ஒட்டி ஒட்டி அடுக்குவதும் இதே கதைதான்.

ஒரே பக்கம் மட்டும் உருகியிருந்தால்

இடது ஓரம் கண்ணாடி, வலது ஓரம் வழிசல், வெட்டும் சாய்வாக இருக்கிறது என்றால் லேசர் லென்ஸின் நடுவில் விழவில்லை என்று அர்த்தம். லேசர் வெளியே வருகிற நாசில் வாயில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு நொடி லேசரைத் தட்டினால் ஓட்டை நடுவில் விழுந்ததா, ஓரத்தில் விழுந்ததா என்று தெரிந்துவிடும். ஓரமாக விழுந்தால் கண்ணாடிகளைத் திருத்துங்கள். லென்ஸைத் துடைக்கக் கழற்றி மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது, புடைத்த பக்கம் மேலே இருக்க வேண்டும். மாறிவிட்டால் புள்ளி அகலமாகி, வெட்டுவதற்குப் பதில் உருக்க ஆரம்பிக்கும்.

ஃபோகஸும் அப்படித்தான். 3 மி.மீ.க்கு மேற்பரப்பிலேயே வைக்கலாம், 8, 10 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறக்குங்கள், முடிந்தால் 2 இஞ்சுக்குப் பதில் 4 இஞ்சு ஃபோகஸ் தூரம் உள்ள லென்ஸ் போடுங்கள்.

கோடைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்பவர்கள் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். லேசர் டியூபைக் குளிரவைக்கப் போகிற தண்ணீர் சூடானால் லேசரின் பலம் குறையும், நாம் அது தெரியாமல் வேகத்தைக் குறைப்போம், வெட்டுகிற சூடு இல்லாமல் உருக்குகிற சூடு மட்டும் மிஞ்சும். 3000 என்று எண் போட்டு வருகிற சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கிற பெட்டி, உண்மையில் ரேடியேட்டரும் விசிறியும்தான், அறையின் சூட்டுக்குக் கீழே அதனால் இறக்க முடியாது. மே மாதம் தகரக் கொட்டகையில் அது என்ன செய்யும் பாவம். ஃப்ரிட்ஜில் இருக்கிற மாதிரி கம்ப்ரஸர் உள்ள 5000 வகை வேண்டும். ஐஸ் பாக்கெட் போட்டு ஒரேயடியாகக் குளிரவைத்தால் டியூபின்மேல் வியர்வை பூக்கும், ஹை வோல்டேஜ் இருக்கிற இடத்தில் அது வேறு ஆபத்து.

ஒரு விஷயம் மட்டும் சரிசெய்ய வழியே இல்லாதது. வெட்டுவது அக்ரிலிக்கே இல்லை என்றால் என்ன செட்டிங் போட்டும் பயனில்லை. பாலிகார்பனேட் பழுப்பாகக் கருகும். சன்போர்டு என்று விற்கிற நுரைப் பலகை பிவிசி, அதை லேசரில் வைக்கவே வைக்காதீர்கள், வருகிற புகை நுரையீரலையும் மெஷினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும்.

ஏற்கெனவே உருகிப்போன துண்டை என்ன செய்வது? பிசிறை பிளேடின் முதுகுப் பக்கத்தால் சுரண்டுங்கள், 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 1000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, துணிச் சக்கரத்தில் பஃப் அடித்தால் பெரும்பாலும் தேறிவிடும். அவசரத்தில் ஸ்பிரிட்டோ தின்னரோ தொட்டுத் துடைக்காதீர்கள். உருகி உறைந்த ஓரத்துக்குள் இறுக்கம் இருக்கும், அதில் ஸ்பிரிட் பட்டால் தலைமுடி அளவுக்கு மெல்லிய கீறல்கள் உள்ளே ஓடும், குளோரோஃபார்ம் வைத்து ஒட்டும்போதும் அதே. நான் ஒருமுறை ஷீல்டுகளைத் துடைத்துப் பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்த்தால் எல்லா ஓரத்திலும் சிலந்தி வலை. இப்போது சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும்தான், ஒட்ட வேண்டிய வேலை என்றால் துண்டுகளை 80 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்ட பிறகுதான் குளோரோஃபார்ம் பாட்டிலைத் திறக்கிறேன்.