கிணற்றடி ஈரத்தில் குதிரைவால் செடி

குதிரைவால் என்றதும் குதிரைவாலி அரிசியை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது தானியம், இது பெரணிக்கு உறவான, பூக்காத காய்க்காத செடி. விதையும் கிடையாது, வித்துத்தூள்தான். மெல்லிய மூங்கில் குச்சி மாதிரி கணுக்கணுவாக, பச்சையாக, இரண்டு மூன்று அடி நேராக நிற்கும். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் வேர் அழுகிப் போகிறது என்பவர்களுக்கு ஏற்ற செடி.

ஆனால் நேராக மண்ணில் நடாதீர்கள். அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நான் அப்படித்தான் நட்டேன், அடுத்த மழைக்குள் வேர்த்தண்டு மண்ணுக்கடியிலேயே ஓடி, செங்கல் இடுக்கில் எல்லாம் தலையை நீட்டிவிட்டது. பிடுங்கினால் அறுந்துபோன துண்டு ஒவ்வொன்றும் மறுபடி முளைக்கும், தொல்லை தீராது.

அதனால் அடியில் ஓட்டை இல்லாத பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றை எடுத்து, விளிம்பு நான்கு விரல் வெளியே தெரிகிற மாதிரி மண்ணில் புதையுங்கள். களிமண்ணும் மணலும் கலந்து முக்கால்வாசி நிரப்பினால் போதும், எரு அதிகம் வேண்டாம். நர்சரியில் வாங்கியதையோ நண்பர் வீட்டில் பிரித்துத் தந்ததையோ, இரண்டு மூன்று கணு உள்ள வேர்த்தண்டோடு, இரண்டு அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். நட ஐப்பசி நல்ல காலம், அடைமழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் நட்டால் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வெயில் காலை நேரத்தில் பட்டால் நல்லது, மதிய வெயிலுக்கு மட்டும் கொஞ்சம் நிழல். மண் காயவே கூடாது. கடலோரத் தெருக்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நுனி கருகும், மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் டப்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் தேங்கினால் கொசு வரும், சரி, நான்கு கப்பி மீனை விட்டால் அது தின்றுவிடும், ஆனால் மீன் நீந்த ஒரு சாண் ஆழமாவது தண்ணீர் வேண்டும், இல்லையென்றால் மண் மேல் ஒரு விரல் மணல் பரப்பி, தண்ணீர் மணலுக்குக் கீழேயே நிற்கிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

பழுத்த குச்சிகளை அடியோடு வெட்டிவிடுங்கள், தூக்கிப் போடாமல் ஒன்றை நகத்தில் தேய்த்துப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி இருக்கும், தண்டில் அவ்வளவு சிலிக்கா. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இதைக்கொண்டுதான் பாத்திரம் தேய்த்தார்கள். ஆடு, மாடு கட்டுகிற பக்கம் மட்டும் வெட்டியதைக் கொட்டாதீர்கள், இதில் உள்ள ஒரு நொதி உடம்பின் பி1 சத்தை அழிக்கும், குதிரைகளுக்கு இதனால் நடுக்கமே வந்திருக்கிறது.