மான் தோலை வீட்டில் பதனிட: பொருள்களும் முறைகளும்

மான் தோலை வீட்டிலேயே பதனிட விரும்புகிறவர், எதை எங்கே வாங்குவது என்று தேடுவதற்கு முன், தோல் மயிரோடு வேண்டுமா, மயிர் நீக்கி மிருதுவான துணிபோல வேண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப முறையும் மாறும், பொருள்களும் மாறும். மான் மயிர் உள்ளே வெற்றிடம் கொண்டது, எளிதில் ஒடிவது. எனவே மயிரோடு பதனிட்ட தோலைத் தரையில் விரித்து மிதித்தால் நாள்தோறும் மயிர் உதிர்ந்துகொண்டே இருக்கும். சுவரில் மாட்டுவதற்கே அது பொருந்தும்.

வேட்டைக்கு உரிமம் வழங்கப்படும் இடங்களில், மான் இறைச்சியை வெட்டித் தரும் கூடங்களில் கேட்டால் தோல் கிடைக்கும். சட்டம் தடுக்கும் இடங்களில் இருப்பவர்கள் ஆட்டுத்தோலைக் கொண்டு இதே முறைகளைப் பழகலாம். பொருள்களில் பெரும்பாலானவை நாம் அறிந்தவையே. அயோடின் சேராத பொடி உப்பு, படிகாரம், சலவை சோடா, சமையல் சோடா ஆகியவற்றை மளிகைக் கடையிலும், நீற்றிய சுண்ணாம்பைக் கட்டுமானப் பொருள் கடையிலும், அமிலத்தன்மையை அளக்கும் தாளை நீச்சல் குளப் பொருள் விற்பவரிடமும் பெறலாம். நீரில் கலக்கும் பதனிடு எண்ணெய்க்கு மட்டும் விலங்குகளைப் பாடம் செய்வோருக்கான கடைகளை நாட வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்: இரும்பு பட்டால், பதனிடப் பயன்படும் மரப்பட்டைச் சாறு தோலைக் கறுப்பாக்கும், அலுமினியத்தைச் சுண்ணாம்பும் அமிலமும் அரிக்கும்.

உரித்த தோலை ஆறவிட்டு, சில மணி நேரத்துக்குள் தோலின் எடைக்கு ஏறத்தாழ நிகரான உப்பை அதன் சதைப்புறத்தில் விளிம்பு வரை தேய்க்க வேண்டும். கல் உப்பு சீராகப் படியாது. மறுநாள் நீர் வடிந்ததும் பழைய உப்பை உதறி எறிந்துவிட்டுப் புதிய உப்பைப் போட வேண்டும். பயன்படுத்திய உப்பில் கிருமிகள் தங்கிவிடும்.

அடுத்து, ஊறவைத்துக் கழுவிய தோலை உருண்டையான மரக்கட்டையின் மேல் போட்டு, மழுங்கிய கத்தியால் சதையையும் கொழுப்பையும் சுரண்ட வேண்டும். இவற்றின் அடியில் ஈர வெங்காயத்தோல் போல ஒரு சவ்வு வழுக்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்தச் சவ்வு எஞ்சிய இடத்தில் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. வீட்டில் பதனிட்ட தோல்கள் திட்டுத்திட்டாக விறைத்துப்போவதற்கு மருந்தைவிட இந்தச் சவ்வே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

மயிர் நீக்க வேண்டுமானால் தோலைச் சுண்ணாம்பு நீரில் மூழ்கவைத்துத் தினமும் கிளறிவிட வேண்டும். சுண்ணாம்பு ஓரளவுக்கு மேல் கரையாமல் அடியில் தங்கிவிடும் என்பதால், அளவில் மிகுந்த துல்லியம் தேவையில்லை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் தேவை. சில நாள்களில், கட்டைவிரலால் தள்ளினாலே மயிர் வழுக்கிக்கொண்டு வரும். சுரண்டி எடுத்தபின் தோலைப் பலமுறை அலசி, சிறிது வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பைப் போக்க வேண்டும்.

மயிரோடு பதனிடுவோருக்குச் சுண்ணாம்பு வேண்டாம். 4 லிட்டர் நீருக்கு 450 கிராம் உப்பும் 85 கிராம் சிட்ரிக் அமிலமும் சேர்த்த கரைசலில் மூன்று நாள் வைத்து, பிறகு சமையல் சோடா நீரில் சுமார் இருபது நிமிடம் நனைத்து அலசலாம். இதையடுத்துப் படிகாரம்: 450 கிராம் படிகாரத்தை 4 லிட்டர் நீரில் கரைத்து, தனியாக 2 லிட்டர் நீரில் கரைத்த 115 கிராம் சலவை சோடாவையும் 225 கிராம் உப்பையும் அதில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும், அவசரப்பட்டுக் கொட்டினால் நுரை பொங்கி வழியும். இப்படிப் பதனிட்ட தோல் நெடுநேரம் நீரில் ஊறினால் படிகாரம் வெளியேறிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும் பட்டைமுறைக்குக் கருவேலம் பட்டையோ ஓக் பட்டையோ போதும். ஆனால் பொறுமை வாரக்கணக்கில் வேண்டும். முதலில் வெளிர்ந்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாக அடர்த்தியைக் கூட்ட வேண்டும். எடுத்தவுடன் கடுஞ்சாற்றில் போட்டால் மேற்பரப்பு இறுகி உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். கழுத்துப் பகுதியின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிப் பாருங்கள்; நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

மானின் மூளையைக் குழைத்துத் தோலில் தேய்ப்பது பழைய முறை. ஆயினும் மான்களைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய்க்குக் காரணமான பிரியான் என்னும் புரதம் மூளையில் தங்குவதாலும், சமையல் சூட்டில் அது அழியாது என்பதாலும், அதற்குப் பதிலாக ஒரு டஜன் முட்டைகளை வெதுவெதுப்பான நீரில் அடித்துப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். இவ்வாறு செய்த தோலை மென்மையாக்கிக் காயவைத்தபின், உளுத்த மரத்தின் குளிர்ந்த புகையை அதற்கு ஊட்ட வேண்டும். புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் தோலின் நார்களைப் பிணைப்பதால், பிறகு நனைந்தாலும் தோல் மிருதுவாகவே காயும்.

எந்த முறையானாலும் எண்ணெயோ முட்டையோ ஏறிய தோல் காயும் அந்தச் சில மணி நேரம் விட்டு விலகக் கூடாது. பலகையின் விளிம்பில் முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, சாம்பல் நிற ஈரத்தோல் இழுத்த இடத்தில் சட்டென்று வெளுக்கும். நார்கள் பிரிந்ததற்கு அதுவே அடையாளம். என் முதல் தோலைப் பாதியில் விட்டுத் தூங்கிவிட்டேன்; காலையில் அது தட்டினால் ஓசை எழும் அளவுக்கு விறைத்திருந்தது. மீண்டும் நனைத்து, மீண்டும் முட்டை தேய்த்து, அன்று முழுவதும் இழுத்த பிறகே அது வளைந்து கொடுத்தது.